சூசையப்பரிடம் வைத்த நேர்த்தி

பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தில், லாசால் பகுதியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியிலிருந்து என் வேலைத்தலம் நடந்துபோகும் தூரம். தோலுக்குப் பூசும் கிறீம்கள் செய்யும் சிறிய தொழிற்சாலை. வந்திறங்கும் மூலப்பொருள்களைச் சோதித்து, நல்லதென்றால் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஊரில் இரசாயனவியல் படித்ததற்கு இந்த நாட்டில் கிடைத்த பலன் அது. வரும் பொருள்களில் ஒன்று கரித்தே வெண்ணெய். மேற்கு ஆபிரிக்காவின் வறண்ட நிலத்தில் தானாக வளரும் ஒரு மரத்தின் கொட்டையை இடித்து, வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டுக் கடைந்து பெண்கள் எடுக்கும் கொழுப்பு. சோதித்து மிஞ்சியதைச் சின்ன டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவருவேன். பனிக்காலத்தில் மகளின் வெடித்த கன்னங்களில் பூசிவிடுவேன். இது எங்கிருந்து வருகிறது என்று சின்ன வயதில் ஒருநாள் கேட்டாள். பெட்டியில் ஒட்டியிருந்ததை நினைத்து "புர்கினா ஃபாசோ" என்றேன். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. குளிக்கும்போது அதையே ஒரு பாட்டாக இழுத்து இழுத்துப் பாடுவாள்.

பல்கலைக்கழகம் முடித்த கையோடு அதே நாட்டுக்கு வேலைக்குப் போகப்போகிறேன் என்று அவள் சொன்னபோது என்னால் வேறு யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

"நீங்கள் கொண்டுவந்து பூசின வெண்ணெய்தான். இப்ப உள்ளுக்குப் போய் வேலை செய்யுது" என்றாள் என் மனைவி.

இங்கே இயங்கும் ஒரு சிறு உதவி நிறுவனம் அங்குள்ள பெண்கள் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணக்கு வழக்கு, விற்பனை எல்லாம் பழக்கிக் கொடுக்கிறது. அதில் ஆறு மாத வேலை. வடபக்கமாக ஒரு சந்தை ஊர். ஆயுதக் குழுக்கள் கிராமங்களுக்குள் புகுந்து சுடுவதும் பள்ளிக்கூடங்களைக் கொளுத்துவதும் அந்த நாட்டில் பல வருடமாக நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். நான் அதைச் சொன்னேன்.

"அது வேற பக்கம் அப்பா. நான் போறது சண்டை இல்லாத பக்கம்."

நான் மன்னார்க்காரன். சண்டை இல்லாத பக்கம் என்பது சண்டை இன்னும் வந்து சேராத பக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை அவளுக்கு விளங்கவைக்கும் பிரெஞ்சும் என்னிடம் இல்லை, தமிழும் அவளிடம் இல்லை.

போவதற்கு முந்திய மாதங்களில் அவள் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து அந்த ஊர்ச் சங்கத் தலைவியோடு கதைப்பாள். என் வயதுக்குச் சற்றுக் குறைந்த பெண். உரத்த குரல், பெரிய சிரிப்பு. மகள் அவரைத் 'தாந்தி' என்பாள், அங்கே மாமி முறைக்கு அப்படிச் சொல்வார்களாம். நான் தேத்தண்ணியோடு பின்னால் போகும்போதெல்லாம் அவர் என்னைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். என்னை 'லு வியூ' என்பார். கிழவர்.

"கிழவரெண்டே சொல்லுறா?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள். "கமெராவில அவ்வளவு தெளிவாத் தெரியுதோ?"

"அம்மா, அங்க அது மரியாதை" என்று மகள் சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுவே பெயர்.

தலைவியின் தம்பிதான் அந்த ஊரின் அரைக்கும் ஆலையை ஓட்டினார். தகரக் கூரைக்குக் கீழே ஒரு டீசல் எஞ்சின். முன்பு கையால் இடித்துத் தோள் விட்டுப்போன பெண்கள், அந்த எஞ்சின் வந்தபிறகுதான் வெளியூருக்கு விற்கும் அளவுக்கு வெண்ணெய் எடுக்கத் தொடங்கினார்களாம். ஒருநாள் தலைவி தொலைபேசியை அவரிடம் கொடுத்தார். நான் வறுக்கும் சூட்டைப் பற்றிக் கேட்டேன், தொழில் புத்தி. அவர் பதில் சொல்லாமல் தொலைபேசியை எஞ்சினுக்குக் கிட்டக் கொண்டுபோய் அதன் சத்தத்தை எனக்குக் கேட்கவைத்தார், குழந்தையின் குரலைக் கேட்கவைப்பதுபோல. பிறகு ஒரு சிவப்புத் தலைக்கவசத்தைத் தூக்கிக் காட்டினார். பொலித்தீன் உறைகூட இன்னும் கழற்றவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்தில் உங்கள் மகளை என் மோட்டார் சைக்கிளில் ஏற்ற நான் வருவேன், இது அவளுக்கு வாங்கியது, கவலைப்பட வேண்டாம், லு வியூ என்றார். நான் 'மெர்சி' என்றேன். தலைக்கவசம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்றுதான் மனம் யோசித்தது.

அடுத்த சனிக்கிழமை நான் தனியே பஸ் எடுத்து மலையிலுள்ள சூசையப்பர் கோயிலுக்குப் போனேன். இந்த நகரத்துத் தமிழர்களில் வேதக்காரர், சைவக்காரர் என்றில்லை, கஷ்டம் வந்தால் எல்லோரும் ஏறும் இடம் அது. அடியிலிருந்து மேலே போகும் நீண்ட படிவரிசையின் நடுப்பகுதி மரத்தாலானது. அதில் முழங்காலில்தான் ஏறலாம். இரு பக்கமும் நடப்பவர்களுக்கு. நான் மெழுகுதிரி கொளுத்திக் கேட்டேன். "சூசையப்பரே, என்ரை பிள்ளை அங்க போகாமல் பண்ணும். போகாட்டில் இந்தப் படி முழுக்க முழங்காலில ஏறுறன்."

அவ்வளவுதான் கேட்டேன். அவள் மனம் மாற வேண்டும் என்றோ, இங்கேயே நல்ல வேலையொன்று கிடைக்க வேண்டும் என்றோ கேட்கவில்லை. எப்படி என்று நான் சொல்லவில்லை. கேட்டதைக் கர்க்லாண்டில் இருக்கும் அக்காவிடம் மட்டும் தொலைபேசியில் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் நேர்த்தி வைத்தால் அக்காவுக்குச் சொல்லிவைப்பது வழக்கம். அவர் மறக்கமாட்டார், மறக்கவும் விடமாட்டார்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வேலையில் இருந்தபோது மனைவி அழைத்தாள். மகளின் பயணம் நின்றுவிட்டது. அந்த ஊரில் சந்தை நாளன்று மோட்டார் சைக்கிள்களில் ஆயுதக்காரர் வந்து சுட்டிருக்கிறார்கள், கடைகளைக் கொளுத்தியிருக்கிறார்கள். நிறுவனம் அந்தப் பக்கத்து வேலைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது.

நான் ஆய்வுகூடத்தின் நாற்காலியில் இருந்தேன். என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அப்படியொரு இலேசான உணர்வு எனக்கு வருடக்கணக்காக வந்ததில்லை. கண்ணை மூடி "நன்றி சுவாமி" என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும், பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

அதோடு நின்றிருக்கலாம். மெட்ரோ எடுத்து பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போய் எங்கள் ஆட்களின் கடையில் நல்ல ஆட்டிறைச்சி வாங்கினேன், எலும்பும் ஈரலும் சேர்த்து. கடைக்காரர், "என்ன அண்ணை, வீட்டில விசேஷமோ?" என்று கேட்டார். "ஓம், சின்ன விசேஷம்" என்றேன். வீட்டில் மகள் அறையைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். மனைவி இறைச்சிப் பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். கறி கொதித்து மணம் வீடெல்லாம் பரவிய நேரத்தில் மகள் கதவைத் திறந்து வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

"தாந்தி கோல் எடுத்தவ" என்றாள். "தம்பி இல்லையாம். மில்லுக்குள்ள இருந்தவராம். மில்லையும் எரிச்சுப் போட்டாங்கள்."

பிறகு கறிச்சட்டியைப் பார்த்து, "இண்டைக்கு என்ன?" என்று கேட்டாள்.

நான் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லவேண்டும். மகள் சாப்பிடவில்லை. மனைவி ஒரு பிடியோடு எழும்பினாள். நான் தட்டை வெறுமையாக்கினேன், எலும்பைக்கூட விடவில்லை. ஏனென்று இன்றைக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊர் எப்படி இல்லாமல் போனது என்பதைத் தாந்தியின் அழைப்புகளில் துண்டு துண்டாகக் கேட்டேன். முன்புபோல் மகளின் கதிரைக்குப் பின்னால் நின்று தலைகாட்டவில்லை. பக்கத்து அறையில் கதவைச் சாத்தாமல் இருந்து கேட்டேன். ஆலை இல்லாததால் பெண்கள் மறுபடி உலக்கையை எடுத்தார்கள். கொஞ்ச வெண்ணெய்க்காக வியாபாரி லொறி அனுப்பமாட்டான், அதுவும் பாதையில் வெடி புதைத்திருக்கிறார்கள் என்ற பேச்சு வந்தபின் எந்தச் சாரதியும் வரவில்லை. லொறி வராததால் உப்பும் மருந்தும் டீசலும் வரவில்லை. வாத்திமார் சம்பளம் எடுக்கத் தலைநகருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. பிறகு மழை வந்தது. மழைக்காலத்தில்தான் கரித்தேப் பழம் தானாக உதிரும். விடியும் முன்னர் பெண்கள் கூட்டமாகக் காட்டுக்குப் போய்ப் பொறுக்குவார்கள். அந்த வருடம் நல்ல காய்ப்பாம். போன முதல் கூட்டத்தில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அதன்பின் யாரும் போகவில்லை. "மரத்துக்குக் கீழே எல்லாம் அழுகிக் கிடக்கிறது, மணம் ஊருக்குள் வருகிறது" என்றார் தாந்தி.

கண் முன்னால் கிடந்தும் எடுக்க முடியாத அந்த நிலை எனக்குத் தெரியும் என்று எழுந்துபோய்ச் சொல்ல நினைத்தேன். சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கடலை மூடியிருந்தார்கள். கடற்படை பாஸ் கொடுத்தால்தான் வள்ளம் இறங்கலாம். கரையிலிருந்து பார்த்தால் மீன் கூட்டம் கறுப்பாகத் தெரியும், வீட்டில் ரின்னில் அடைத்த மீன் சாப்பிடுவோம். ஆனால் எந்த முகத்தோடு அந்தக் கணினிக்கு முன்னால் போவது?

தொழிற்சாலையில் ஒன்றும் நிற்கவில்லை. கரித்தே வெண்ணெய் வந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த நாட்டின் பெயர்தான் மாறியிருந்தது, கானா என்றிருந்தது. நான் சோதித்தேன், கொழுப்பின் அளவு சரி, ஈரம் சரி, கையெழுத்துப் போட்டேன். முகாமையாளரிடம், "இடத்தை மாத்தியிருக்கினம்" என்றேன், பிரெஞ்சில். "ஆமாம், அங்கே ஏதோ பிரச்சினையாம்" என்றார் அவர். நல்ல மனிதர்தான். வேறு என்ன சொல்வார்?

ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மேசையில் நால்வரும் இருந்தோம். அக்கா புட்டைப் பிசைந்தபடியே கேட்டார்.

"தம்பி, அந்த நேர்த்தியை எப்ப செய்யப்போறாய்?"

நான் கண்ணைக் காட்டினேன். அக்காவுக்குக் கண் காட்டினால் விளங்காது, விளங்கினாலும் நிறுத்தமாட்டார்.

"என்ன முழிக்கிறாய்? கேட்டது கிடைச்சு எத்தினை மாசம். அவர் தன்ரை வேலையைச் செய்திட்டார். நீ இழுத்தடிச்சா பிசகு உனக்கில்லை, பிள்ளைக்குத்தான் வரும்."

"எனக்கா?" என்றாள் மகள். "நேர்த்தி எண்டா என்ன, மாமி?"

"உன்ரை கொப்பர் சூசையப்பரிட்ட கேட்டவர், நீ ஆபிரிக்காவுக்குப் போகக்கூடாதெண்டு. போகாட்டில் முழங்காலில ஏறுறனெண்டு சொல்லிப்போட்டு, இப்ப மூட்டு நோகுமெண்டு ஒளிச்சுத் திரியிறார்."

அக்கா பகிடியாகத்தான் சொன்னார். மனைவி எழுந்து தேவையில்லாமல் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு போனாள். மகள் என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் ஆற அமர, தமிழில் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"அப்பா, நீங்க கேட்டதாலதான் அது நடந்தது எண்டு நான் நினைக்கேல்ல. எனக்கு அப்பிடி நம்பிக்கை இல்ல. ஆனா உங்களுக்கு இருக்கு. அப்ப உங்களுக்கு எப்பிடி நித்திரை வருது?"

அக்காவின் கை புட்டில் நின்றது.

"நான் எப்பிடியெண்டு கேக்கேல்லப் பிள்ளை" என்றேன்.

"கேக்கிறதை வடிவா, விபரமாக் கேக்கோணும்" என்று அக்கா மெதுவாகச் சொன்னார். அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். ஆனால் போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டபடி மறுபடி என் கையைப் பிடித்தார். "எண்டாலும் செய்திடு, தம்பி. வைச்ச நேர்த்தி வைச்சதுதான்."

இதுதான் என்னைப் பிடித்த பிடி. படியேறினால், சந்தையில் அத்தனை பேர் செத்ததற்கு நான் நன்றி சொன்னதாகும். ஏறாவிட்டால், என் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடும். படித்தவன் இப்படிப் பயப்படலாமா என்று கேட்கலாம். நான் மூலக்கூறுகளையும் படித்தேன், எங்கள் ஊர்ப்பக்கத்து மடு மாதாவையும் கும்பிட்டு வளர்ந்தேன். பயம் வரும்போது எது முன்னுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். மகள் இங்கே தேடிக்கொண்ட வேலையால் வரப் பிந்தினால், மெட்ரோவில் ஏதோ தடை என்று செய்தி வந்தால், உடனே தொலைபேசியை எடுப்பேன். 'எங்க நிக்கிறாய்' என்று எழுதுவேன். அவள் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவாள். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

செப்டெம்பரில் அவளே என் அறைக்குள் கணினியைக் கொண்டுவந்தாள். "தாந்தி உங்களோட கதைக்கவேணுமாம்" என்று என் முன்னால் வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தாள்.

தாந்தி மெலிந்திருந்தார். ஊரை விட்டு ஒரு பெரிய பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். யாரோ ஒருவரின் முற்றத்தில் தறப்பாளுக்குக் கீழே இருக்கிறார்கள். தம்பியின் பிள்ளைகள் பின்னால் ஓடித்திரிந்தார்கள். கடைசிப் பையன் தலையில் அந்தச் சிவப்புத் தலைக்கவசம் இருந்தது. அவனுக்கு மிகப் பெரிது. மூக்குவரை மூடியிருந்தது. பொலித்தீன் உறையைக் கழற்றியிருந்தார்கள்.

"லு வியூ" என்றார் தாந்தி. "நீங்கள் ஒளித்துக்கொள்கிறீர்கள் என்று உங்கள் மகள் சொன்னாள். ஏனென்றும் சொன்னாள்."

எனக்குத் தலை நிமிரவில்லை. வருந்துகிறேன் என்று பிரெஞ்சில் தொடங்கினேன். அவர் கையை வீசி நிறுத்தினார்.

"கேளுங்கள். நாங்களும் அதையேதான் கேட்டோம். ஏப்ரலில் பக்கத்துக் கிராமங்களுக்கு ஆயுதக்காரர் வரத் தொடங்கினார்கள். எங்கள் பெண்கள் எல்லோரும் கூடி, அந்தப் பிள்ளை இங்கே வரக்கூடாது என்று செபம் செய்தோம். வேதக்காரரும் செய்தோம், முஸ்லிம் பெண்களும் செய்தார்கள். வேறொருவருடைய பிள்ளை எங்கள் ஊரில் சாகக்கூடாது. என் தம்பியும் எங்களோடு இருந்தான். அவனும் ஆமென் சொன்னான்."

அவர் என்னை ஆற்றுவதற்காகச் சொன்னார். அவர் முகத்தில் வேறொன்றுமில்லை. ஆனால் அதைக் கேட்ட நேரத்திலிருந்து, எந்தத் தகப்பனும் தன் பிள்ளைக்காகத்தான் கேட்பான் என்று எனக்கு இருந்த ஆறுதலும் போய்விட்டது. அவர்கள் என் பிள்ளைக்காகக் கேட்டிருக்கிறார்கள். தங்கள் வாசலில் ஆயுதம் நின்ற நேரத்தில், கடலுக்கு அப்பாலிருக்கும் ஒருத்தனின் பிள்ளைக்காக. நான் மெழுகுதிரி கொளுத்தியபோது அந்தப் பெண்ணின் குரலும் எஞ்சின் சத்தமும் என் காதில் இருந்தன. அவர்களுக்கும் ஒன்றும் வராமல் பாரும் என்று கூடச் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம். சூசையப்பருக்கு அது கனத்திருக்காது. எனக்கு அது நினைவிலேயே வரவில்லை.

"உங்கள் மலைக்கோயிலுக்குப் போனால் தம்பியின் பெயரைச் சொல்லுங்கள்" என்றார் தாந்தி. "இங்கே அவனுக்குப் பூசைகூட ஒழுங்காக வைக்கவில்லை. குருவானவரும் ஓடிவிட்டார்."

அடுத்த சனிக்கிழமை காலை நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மகளும் குளிர்ச்சட்டையை எடுத்தாள். "நானும் வாறன்" என்றாள், அவ்வளவுதான்.

மரப்படியின் அடியில் முழங்காலிட்டேன். பக்கத்தில் நடப்பவர்களின் படியில் அவள் நின்றாள். ஒவ்வொரு படியிலும் தாந்தியின் தம்பியுடைய பெயரைச் சொன்னேன், என் வாய்க்கு அது சரியாக வராது என்று தெரிந்தும். நடுவில் ஓரிடத்தில் பிழையாகச் சொல்லியிருக்க வேண்டும். மகள் குனிந்து திருத்தினாள். பிறகு நான் ஒரு படி ஏறும்வரை நின்று, அவளும் ஒரு படி ஏறினாள். மூட்டு நொந்தது. மேலே போனபோது காற்சட்டையில் மரத்தூசி. நன்றி என்ற சொல்லை எந்தப் படியிலும் நான் சொல்லவில்லை.

பின்னேரம் அக்கா தொலைபேசி எடுத்தார். யார் சொன்னார்களோ தெரியாது.

"முடிச்சிட்டியாமே. நல்லது, தம்பி."

"இல்லை அக்கா. அது வேற ஒராளுக்கு ஏறினது. என்ரை நேர்த்தி அப்பிடியே கிடக்கு."

"பைத்தியக்காரா, ஏறினது ஏறினதுதானே. அதையும் சேர்த்து ஒப்புக்குடுத்திருந்தா என்ன? பிள்ளைக்கு ஏதும் வந்தா என்ன செய்வாய்?"

"அந்தப் பயம் எனக்கு இருக்குத்தான். இருக்கட்டும்."

"அப்ப நான் உனக்காக ஏறட்டோ?" என்று அக்கா கேட்டார். அவருக்கு எழுபது வயது, ஒரு மூட்டு மாற்றியாகிவிட்டது. வேண்டாம் என்றேன். அக்கா, நீங்கள் செபம் சொல்லும்போது அந்த ஆளின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கோ என்றேன். பெயரைக் கேட்டார். சொன்னேன். அவருக்கு வாயில் வரவில்லை. இன்னொருக்கால் சொல்லு என்றார்.

நான் மகளைக் கூப்பிட்டுத் தொலைபேசியை அவள் கையில் கொடுத்தேன். அவள் சுவரில் சாய்ந்து நின்று, தன் மாமிக்கு ஒவ்வோர் எழுத்தாக, பொறுமையாக, அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்தாள்.